சராசரி 23 என்றால் ஒரு வகுப்பில் 34 பேர் எப்படி?

கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசுப் பாடசாலைகளில் வகுப்புகளைப் பெரிதாக்குவதை ஆசிரியர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்பது பற்றிப் பெற்றோர் கேட்டவையும் பதில்களும்.

ஐயா, 2019இல் நடந்த போராட்டம் சம்பளத்துக்காகத்தானே?

சம்பளமும் ஒரு காரணம். ஆண்டு உயர்வை 1 சதவீதத்துக்குள் கட்டிப்போட்ட 124ஆம் சட்டமூலம் அந்த நவம்பரில் நிறைவேறியது. ஆனால் பிணக்கு மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது. உயர்நிலைப் பாடசாலைகளில் வகுப்புச் சராசரியை 22இலிருந்து 28 ஆக்குவதாகவும், டிப்ளோமா (உயர்நிலைக் கல்வியை முடித்ததற்கான சான்றிதழ்) பெற 4 பாடங்களை இணையவழியில் படிக்க வேண்டும் என்றும் அரசு அறிவித்தது. ஏப்ரல் 4 அன்று மாணவர்களே வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். 2020 பெப்ரவரி 21 அன்று நான்கு ஆசிரியர் சங்கங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. மார்ச்சில் அரசு 23க்கு இறங்கி வந்தது. இணையவழிப் பாடமும் 2 ஆகக் குறைந்தது, வேண்டாம் என்பவர் விலகவும் வழி கிடைத்தது.

ஆறு பிள்ளைகள் கூடுவதற்கா இவ்வளவு? மேலும் சில மேசைகள் போட்டால் போதாதா?

மேசை போடலாம், ஆசிரியரை எங்கே எடுப்பது? கணக்கைப் பாருங்கள். 1,000 மாணவர், ஆளுக்கு ஆண்டுக்கு 8 பாடம் என்றால் 8,000 இருக்கைகள். 22 சராசரிக்கு சுமார் 364 வகுப்புகள் தேவை. ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 6 வகுப்பு எடுத்தால் 61 பேர் வேண்டும். சராசரி 28 ஆனால் 286 வகுப்பு, 48 ஆசிரியர். ஒரே பாடசாலையில் 13 பேர் போய்விடுகிறார்கள்.

முதலில் அடிபடுவது 14 பேர் மட்டும் எடுத்த 12ஆம் வகுப்பு இயற்பியல், இசை, மரவேலை போன்றவை. அவற்றை நிறுத்துவார்கள், அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு நடத்துவார்கள், அல்லது 11ஐயும் 12ஐயும் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் விடுவார்கள். பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தைக் கேட்டால் பிள்ளை வேறு பாடசாலைக்கோ இணையவழிக்கோ போக வேண்டும். இதுதான் பெரிய இழப்பு, கூட்டம் அதற்கு அடுத்தது.

திருத்த வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வகுப்பு, கட்டுரைக்கு 10 நிமிடம் என்றால் 66 கட்டுரைக்கு 11 மணி நேரம், 84க்கு 14 மணி நேரம். நேரம் போதாதபோது முதலில் சுருங்குவது பிள்ளையின் தாளில் எழுதப்படும் குறிப்புகள்தான்.

என் மகனின் கணித வகுப்பில் 34 பேர். இது விதிமீறலா?

34 என்ற எண்ணிக்கையால் மட்டும் விதி மீறப்படுவதில்லை. 23 என்பது உங்கள் வட்டார அரசுப் பாடசாலைகளை நடத்தும் கல்விச் சபை முழுவதற்குமான சராசரி. ஆங்கிலம் புதிதாகக் கற்போர் வகுப்பில் 12 பேர், கணிதத்தில் 34 பேர் என்றால் இரண்டுக்கும் சராசரி 23தான்! சராசரியும் உச்சவரம்பும் வேறு வேறு. உச்சவரம்பு பல இடங்களில் ஆசிரியர் சங்கத்துக்கும் சபைக்குமான உள்ளூர் ஒப்பந்தத்தில் இருக்கும். அது பாட வகையைப் பொறுத்து மாறும்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

1 முதல் 3 வரை கடுமையான வரம்பு உண்டு: குறைந்தது 90 சதவீத வகுப்புகளில் 20 பேருக்கு மேல் கூடாது, எதிலும் 23ஐத் தாண்டக் கூடாது. 4 முதல் 8 வரை சபைச் சராசரி 24.5 மட்டுமே, மாகாண உச்சவரம்பு கிடையாது. அதனால்தான் 3இலிருந்து 4க்குப் போனதும் வகுப்பு திடீரெனப் பெரிதாகிறது.

சிறிய வகுப்பால் பயன் என்பதற்கு ஆதாரம் உண்டா?

அமெரிக்காவின் டென்னசியில் 1985 முதல் நான்கு ஆண்டுகள் நடந்த ஸ்டார் ஆய்வு வலுவானது. பாலர் வகுப்பு முதல் 3 வரையிலான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் 13–17 பேர் வகுப்பிலும் 22–25 பேர் வகுப்பிலும் சேர்த்தார்கள். சிறிய வகுப்பினர் வாசிப்பிலும் கணிதத்திலும் முந்தினார்கள், வறிய குடும்பப் பிள்ளைகளுக்கு நன்மை கூடுதல். அதை உயர்நிலைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே பாடத் தெரிவு குறைவதுதான் வலுவான வாதம்.

நாங்கள் என்ன செய்யலாம்?

செப்டம்பரின் முதல் சில வாரங்களில் நேர அட்டவணை மாறும், அதற்குள் கேளுங்கள். அதே பாடத்துக்கு எத்தனை பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று அதிபரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு பிரிவில் 34, இன்னொன்றில் 24 என்றால் அதிபராலேயே சரிசெய்ய முடியும். எல்லாவற்றிலும் 33, 34 என்றால் புதிய பிரிவு வேண்டும், அதற்கு சபை ஆசிரியரைத் தர வேண்டும். ஆகவே பெற்றோர் மன்றத்தின் வழியாக எண்களுடன் சபைக் கண்காணிப்பாளருக்கும், உங்கள் வட்டாரத்தில் தெரிவான சபை உறுப்பினருக்கும் எழுதுங்கள். ஆய்வுகூடம், பட்டறை என்றால் எத்தனை மேசைகள், எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்பதையும் எழுதுங்கள்.