பெட்ரோவா? யார் சொன்னது?

வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற மாதம் ஒரு வாசகர், "கிரிக்கெட்டுக்கு பிராட்மேன் மாதிரி பேஸ்பால் பிட்சர்களில், அதாவது பந்து வீச்சாளர்களில் யார்?" என்று கேட்டிருந்தார். "பெட்ரோ மார்ட்டினெஸ். சந்தேகமே வேண்டாம்" என்று நான்கே சொல்லில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். நம் ஊரில் இத்தனை பேர் பேஸ்பால் பார்க்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் போய், மருமகனோடு டிவி முன்னால் உட்கார்ந்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் போலிருக்கிறது. இந்த மாதம் முழுக்க அவர்கள் கடிதங்கள்தான். சமையல், சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்க வேண்டும்.

சிறந்த பிட்சருக்குத் தரும் விருதே சை யங் பெயரில்தான் இருக்கிறது. அவர் வென்றது 511 ஆட்டம். உங்கள் பெட்ரோ வென்றது 219. கணக்கு தெரிந்துதான் எழுதினீர்களா? – சென்னை வாசகர், தற்போது நியூ ஜெர்சியில்

கணக்கு தெரியும் ஐயா. கணக்கில் விட்டுப்போன வரியும் தெரியும். 511 வெற்றி எப்படிச் சாதனையோ, அவருடைய 316 தோல்வியும் அப்படியே சாதனை. அதைவிட அதிகம் தோற்ற பிட்சரும் கிடையாது. 1890இலிருந்து 1911 வரை ஓயாமல் வீசியவர் அவர். 749 ஆட்டங்களில் தொடங்கியதை அவரே முடித்தும் கொடுத்திருக்கிறார். இன்று ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஒரு பிட்சர் ஆறைத் தாண்டினாலே பயிற்சியாளர் தோளில் தட்டி உட்கார வைத்துவிடுகிறார். அந்த 511ஐ இனி யாரும் தொடப் போவதில்லை. தொடும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்காது.

அந்தக் காலத்துப் பந்தும் வேறு. அழுக்கேறி, கசங்கி, மெத்தென்று ஆகும் வரை ஒரே பந்தை வைத்தே ஆடுவார்கள். ஓங்கி அடித்தாலும் தூரம் போகாது. நம் சிக்ஸர் மாதிரி பந்தை எல்லைக்கு வெளியே அனுப்புவதுதான் ஹோம் ரன். 'ஹோம் ரன்' பேக்கர் என்றே பட்டம் வாங்கிய ஒருவர் 1911இல் லீகிலேயே அதிகமாக அடித்த ஹோம் ரன் எத்தனை தெரியுமா? 11. மார்க் மெக்குவயர் 1998இல் அடித்தது 70. சாமி சோசா 66.

அந்த இரண்டாவது காலத்தில்தான் பெட்ரோ வீசினார். ஊக்கமருந்து, சின்ன மைதானங்கள், மாடு மாதிரி தோள் கொண்ட பேட்டர்கள். பிட்சர்களுக்குச் சனி உச்சத்தில் இருந்த காலம். பிட்சரின் தரத்தை அளக்க ஒரு சராசரி உண்டு: ஃபீல்டர் சொதப்பியதால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்பது. 2000ஆம் ஆண்டு, பெரிய லீகுகள் இரண்டில் பெட்ரோ ஆடிய அமெரிக்கன் லீகின் மொத்தச் சராசரி 4.91. பெட்ரோவின் சராசரி 1.74. அவருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தவர் ரோஜர் கிளெமென்ஸ், 3.70. வகுப்பில் முதல் மாணவன் 98 வாங்கி, இரண்டாவது ரேங்க் 60இல் நிற்கிற மாதிரி. அந்த ஆண்டு 217 இன்னிங்ஸில் அவர் கொடுத்த ஹிட் (பேட்டர் அடித்துவிட்டுத் தளம் சேர்வது) 128, வாக் (பந்துகள் சரியாக விழாததால் பேட்டர் அடிக்காமலே நடந்து போவது) வெறும் 32. மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றும் ஸ்ட்ரைக் அவுட் 284.

இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. நான் பெட்ரோ கட்சியில் சேர்ந்த கதை வேறு.

2000 பிறந்தால் கணினிகள் குழம்பும் என்ற ஒய்2கே பயத்தின் புண்ணியத்தில் பாஸ்டன் பக்கம் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் போக முடியாத டிக்கெட்டை என் தலையில் கட்டினார். பெட்ரோ ஆடிய பாஸ்டன் அணியின் மைதானமான ஃபென்வே பார்க்கில் வெளிப்பக்கக் கேலரி, இருப்பதிலேயே மலிவான இடம். முதல் மூன்று இன்னிங்ஸ் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. ஒரு ஃபோர் இல்லை, சிக்ஸர் இல்லை. பேட்டர் வருகிறார், போகிறார். பக்கத்தில் ஒரு டொமினிகன் பாட்டி, பெட்ரோவின் நாட்டுக்காரர். தோளில் அவர்கள் நாட்டுக் கொடி, காதோடு ஒட்டிய சின்ன ரேடியோவில் ஸ்பானிஷ் வர்ணனை. மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு ரேடியோ என்று எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் பின்வரிசைப் பையன்கள் 'கே' என்று எழுதிய அட்டை ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். ஸ்கோர் புத்தகத்தில் ஸ்ட்ரைக் அவுட்டுக்கு அதுதான் குறி.

நான்காவது இன்னிங்ஸில் பாட்டி என் முழங்கையைப் பிடித்து இழுத்து, 'பந்தைப் பார்க்காதே, அடிக்கிறவனைப் பார்' என்று சைகை காட்டினார். பார்த்தேன். பெட்ரோவின் கை சாட்டை மாதிரி சுழன்றது. பேட்டர் முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றி, சுழற்றி முடித்து, இடுப்பு திருகி நின்றுவிட்டார். பந்து அப்புறம்தான் வந்து சேர்ந்தது. பின்னாலிருந்து யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி இருந்தது. சேஞ்ச் அப் என்பார்கள்: கை அதே வேகம், பந்து மட்டும் மெதுவு. அந்தப் பேட்டர் மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு தானே சிரித்துவிட்டார். பாட்டி என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான், நான் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

1999இல் இரு லீகுகளின் நட்சத்திரங்கள் மோதிய ஆல் ஸ்டார் ஆட்டமும் அதே ஃபென்வேயில்தான். அதை டிவியில்தான் பார்த்தேன். லார்கின், வாக்கர், சோசா, மெக்குவயர் என்று முதல் நான்கு பேரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். 70ம் 66ம் அடித்த அதே இருவர்தான் அதில் கடைசி இருவர்.

சை யங்கைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆயுள் கணக்குதான் முக்கியம் என்றாலும் என் ஓட்டு அவருக்கு இல்லை, வால்டர் ஜான்சனுக்குத்தான். பெரும்பாலும் நோஞ்சான் அணியான வாஷிங்டனுக்கு ஆடியே 417 வெற்றி. எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டம் மட்டும் 110. சீசனின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை முதன்முதலாக 1924இல், 36 வயதில்தான் பார்த்தார். ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து பன்னிரண்டாவது வரை நின்று ஜெயித்துக் கொடுத்தார்.

ஆயுள் அல்ல, உச்சம்தான் அளவுகோல் என்கிறீர்கள். அப்படியானால் சாண்டி கூஃபாக்ஸை எங்கே ஒளித்து வைத்தீர்கள்? – கோவை வாசகர்

மாட்டிக்கொண்டேன். பாஸ்டனில் என் டீம் லீட் புரூக்ளின்காரர். கூஃபாக்ஸும் புரூக்ளினில் பிறந்தவர்தான். டாட்ஜர்ஸ் அணி 1957 சீசனோடு புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதை அந்த மனிதர் நாற்பது வருஷம் கழித்தும் சொந்தச் சொத்துத் தகராறு மாதிரி பேசுவார். அதே மூச்சில் கூஃபாக்ஸைப் புகழ்வார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்திருந்தாரோ!

1962 முதல் 1966 வரை ஐந்து வருஷமும் லீகிலேயே குறைந்த சராசரி கூஃபாக்ஸுடையது. 1965 உலகத் தொடரின் முதல் ஆட்டம் யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாளில் வந்தது. வீச மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றார். ஐந்தாவதிலும் ஏழாவதிலும் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. நடுவே இரண்டே நாள் ஓய்வு. அடுத்த வருஷம் 27 வெற்றி, 1.73 சராசரி. அதோடு முழங்கை மூட்டு வாதத்தால் முப்பது வயதில் விலகிவிட்டார்.

பிறகு ஏன் பெட்ரோ? மேடுதான் காரணம். பிட்சர் நின்று வீசும் மண்மேடு அன்று 15 அங்குல உயரம். மேலிருந்து இறங்கும் பந்து பேட்டருக்கு எமன். 1963இலிருந்து, பந்து சரியாக விழுந்ததாகக் கணக்காகும் ஸ்ட்ரைக் எல்லையையும் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். 1968இல் பாப் கிப்சன் 1.12 சராசரியில் முடித்ததும் விழித்துக்கொண்டு, மறு வருஷமே மேட்டை 10 அங்குலமாக வெட்டி, எல்லையையும் குறுக்கினார்கள். கூஃபாக்ஸ் எழுதியது சுலபமான வினாத்தாள் என்று சொல்ல மாட்டேன். பெட்ரோவுக்கு வந்தது ரொம்பக் கஷ்டமான தாள். என் டீம் லீட் இதைக் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

5714 ஸ்ட்ரைக் அவுட் எடுத்த நோலன் ரயானை மறந்துவிட்டீர்களே? – திருச்சி வாசகி

மறக்கவில்லை அம்மா. ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் ஏழு, அதுவும் சாதனை. ஆனால் 2795 பேரைச் சும்மா நடக்கவிட்டதும் அவர்தான்; அதிலும் அவரே முதலிடம். 27 சீசன் ஆடியும் சை யங் விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. பார்க்கப் பிரமாதம். பட்டியலில் என் முதல் ஐந்தில் இல்லை.

ஏழு சை யங் விருது வாங்கிய கிளெமென்ஸ்? – பெயர் வேண்டாம் என்கிறார்

ஊக்கமருந்து பற்றிய 2007 மிட்செல் அறிக்கையில் அவர் பெயர் இருந்தது. அவர் மறுத்தார். நாடாளுமன்றக் குழுவிடம் பொய் சொன்னார் என்ற வழக்கில் 2012இல் ஜூரி விடுவித்தது. ஆனால் மாபெரும் வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போடும் எழுத்தாளர்கள் பத்து வருஷமும் கதவைத் திறக்கவில்லை. நானும் தாழ்ப்பாளில் கை வைக்காமல் நகர்ந்துகொள்கிறேன்.

கறுப்பினத்தவரை விளையாடவே விடாத காலத்துச் சாதனைகளை வைத்துக்கொண்டு 'வரலாற்றிலேயே சிறந்தவர்' என்று பேசலாமா? – மதுரை, கல்லூரி மாணவி

வந்த கடிதங்களில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது இதுதான். 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும் வரை பெரிய லீகுகளின் கதவு அவர்களுக்குப் பல பத்தாண்டுகளாக அடைத்தே இருந்தது. சை யங்கின் 511லும் ஜான்சனின் 417லும் ஜோஷ் கிப்சன் மாதிரி ஒரு கறுப்பின பேட்டர் எதிரே நின்றதே இல்லை. பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு நடத்திய போட்டியின் கோப்பைகள் அவை.

பிட்சர் சாட்சல் பேஜ், கறுப்பினத்தவருக்கென்றே தனியாக நடந்த நீக்ரோ லீகுகளில் வீசி வீசியே இளமையைக் கழித்தார். பெரிய லீகில் நுழைந்தது 1948இல், கிளீவ்லாந்துக்கு, 42 வயதில். முதிய புதுமுகம்! ஆறு வென்றார், ஒன்றில்தான் தோற்றார். அந்த வருஷம் அணி உலகத் தொடரையும் வென்றது.

1965 செப்டம்பரில் கன்சாஸ் சிட்டி அணி கூட்டம் சேர்க்க ஒரு வேடிக்கைக்காக அவரை மறுபடி அழைத்தது. வயது 59. ஓரமாக ஒரு சாய்ந்தாடும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தாத்தா எழுந்து போய், பாஸ்டன் அணிக்கு மூன்று இன்னிங்ஸ் வீசினார். ரன் இல்லை. ஒரே ஒரு ஹிட், அதுவும் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி மாதிரி பெரிய கையிடமிருந்து. 59இல் இப்படி என்றால் 25இல் எப்படி இருந்திருப்பார்? அங்கேதான் என் பெட்ரோ கட்சி கொஞ்சம் ஆடிப் போகிறது. நீக்ரோ லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020இல்தான் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். அந்த எண்கள் பழைய பட்டியலில் ஏறியது 2024இல்.

இந்தியர் யாரும் இல்லையா? – ஈரோடு வாசகர்

2008இல் ஒரு டிவி போட்டியில் தேர்வாகி, ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேச ஈட்டி எறியும் பையன்கள் இருவர் பிட்ஸ்பர்க் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய லீகை எட்டவில்லை. ரிங்கு அப்புறம் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அந்தக் கதை ஹாலிவுட் படமாக வந்தது. இசை நம் ஏ.ஆர். ரஹ்மான்.

அமெரிக்காவைத் தவிர வேறு ஊரே கிடையாதா உங்களுக்கு? – புதுச்சேரி வாசகர்

இருக்கிறது, ஜப்பான். 1934 நவம்பர், ஷிசுவோகா நகரின் குசனாகி மைதானம். பேப் ரூத் உட்பட அமெரிக்க நட்சத்திரங்கள் சுற்றுப்பயணம் வந்திருந்தார்கள். எதிரே வீசியது பள்ளிப் படிப்பை விட்டு வந்த 17 வயதுப் பையன், எய்ஜி சவமுரா. கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் என்று நான்கு பேரையும் தொடர்ந்து ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினான். பிற்பாடு மூன்று முறை ராணுவத்துக்கு அழைக்கப்பட்டு, 1944இல் கப்பல் மூழ்கி இறந்துபோனான். 1947 முதல் ஜப்பானில் சிறந்த பிட்சருக்கான விருது அவன் பெயரில்தான் தரப்படுகிறது.

அன்று ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் மட்டும் ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டார். 0–1. பையன் தோற்றுப்போனான்.