பரோல் மறுத்தால் காரணத்தைக் கேளுங்கள்

கேள்வி: என் கணவர் ஏழு வருடமாகச் சேலம் மத்திய சிறையில் இருக்கிறார். ஓடு சரிந்த வீட்டைச் சரிசெய்ய பரோல் கேட்டோம். 'காவல்துறை ஆட்சேபம்' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். உள்ளே அவருடன் இருக்கும் இன்னொருவருக்கு இதே காரணத்துக்குக் கிடைத்திருக்கிறது. மேலே ஆள் இருந்தால்தான் கிடைக்குமா?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஆள் இல்லாமலும் கிடைக்கும் அம்மா. ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. நாம் பரோல் என்பதைத் தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் விடுப்பு என்கின்றன. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. வீடு பழுதுபார்ப்பது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, விதைப்பு, அறுவடை எல்லாமே சாதாரண விடுப்புக்கான காரணங்கள்தான். நீங்கள் கேட்டதில் தப்பே இல்லை.

சிக்கல் விசாரணை அறிக்கையில் இருக்கிறது. நன்னடத்தை அலுவலர் ஒன்று தருவார், போலீஸ் ஒன்று தரும். அப்படி இரண்டு போலீஸ் அறிக்கைகளை நான் அடுத்தடுத்துப் படித்திருக்கிறேன். ஒன்றில் யார் யாரை விசாரித்தார்கள், இறந்தவர் குடும்பம் எந்தத் தெருவில் இருக்கிறது, வெளியே வருகிறவர் யார் வீட்டில் தங்குவார் என்பதெல்லாம் இருந்தது. மற்றதில் 'ஊரில் எதிர்ப்பு உள்ளது' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, அவ்வளவுதான். எதிர்த்தது யார், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்த இரண்டையும் சமமாக நம்பி முடிவெடுத்தால் ஒருவருக்குக் கதவு திறக்கும், இன்னொருவருக்குத் திறக்காது, அப்புறம் ஜனங்கள் செல்வாக்கு என்றுதான் பேசுவார்கள். எல்லா மனுவுக்கும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும், மறுத்தால் காரணத்தை விவரமாக எழுதிக் கைதியின் கையில் கொடுக்க வேண்டும். குற்றம் கொடியது என்பதை மட்டுமே வைத்து பரோலை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லியிருக்கிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. மறுப்பு ஆணை, போலீஸ் அறிக்கை இரண்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள். கிருஷ்ணகிரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். புது மனுவில் கூரையின் போட்டோவையும் கொத்தனார் எழுதிக் கொடுக்கும் செலவுக் கணக்கையும் சேருங்கள். இன்னொன்று, பாதிக்கப்பட்ட குடும்பம் பக்கத்திலேயே இருந்தால் அவர்கள் பயத்தையும் நாம் மதிக்க வேண்டும். பர்கூர்ப் பக்கமோ வேறெங்கோ சொந்தக்காரர் வீடு இருந்தால், ராத்திரி அங்கே தங்குவார் என்று முகவரியோடு எழுதிக் கொடுங்கள். அதற்கும் ஒரு வரி பதில்தான் என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அதிகாரிகளின் முடிவை எதிர்த்துக் கேட்கும் மனு போடலாம், அதற்கும் இலவச உதவி உண்டு.

மழைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் இல்லையா, போட்டோவை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.