நாலரை வயதுக் குழந்தையோடு ஐரோப்பா ரயிலில் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் நாலரை வயது மகளோடு வரும் மே மாதம் 16 நாள் ஐரோப்பா போக நினைக்கிறோம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், வியன்னா, வெனிஸ் என்று ஐந்து நாடுகளில் ஐந்து ஊர், எல்லாம் ரயிலில். டிராவல்ஸ்காரர் பல ஐரோப்பிய நாட்டு ரயில்களுக்கும் பொதுவான யூரெயில் பாஸை 15 நாளுக்கு எடுக்கச் சொல்கிறார். மகளுக்கும் டிக்கெட் வேண்டுமா? ஏற்காடு மலைப்பாதையிலேயே வாந்தி எடுப்பவள், ரயிலில் தாங்குவாளா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாங்குவாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் காரின் பின்சீட்டில் முடங்கி வருவது வேறு, ரயிலில் எழுந்து நடந்து ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பது வேறு. ரயில் போகும் திசையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள், ஏறும் முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், அது போதும். எனக்குக் கவலை உங்கள் ஊர்ப் பட்டியலைப் பற்றித்தான்.

ஐந்து ஊர் என்றால் நாலு முறை பெட்டி கட்ட வேண்டும். காலையில் அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய், ரயிலில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து, புது ஊரில் இறங்கினால் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கையில் கிடைக்கும். ஆக, ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் செலவுக் கணக்கில் போய்விடும். நானும் ஒரு காலத்தில் பையனை இழுத்துக்கொண்டு 12 நாளில் ஆறு ஊர் சுற்றியவன்தான். இன்றைக்கு அவனுக்கு ஞாபகம் இருப்பது ஏதோ ஒரு ஹோட்டலின் கண்ணாடி லிஃப்ட் மட்டும்.

ஆம்ஸ்டர்டாமையும் வியன்னாவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். பாரிஸில் நாலு இரவு, லூசெர்னில் ஆறு, வெனிஸில் நாலு. விமான டிக்கெட்டைப் பாரிஸில் இறங்கி, வெனிஸிலிருந்தோ மிலானிலிருந்தோ திரும்புகிற மாதிரி எடுத்தால், வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து பறப்பதாக இருந்தால் ஒன்று: விமான நிலையம் ஊருக்கு வடக்கே இருக்கிறது. சேலத்திலிருந்து போகிறவர்கள் நகரத்தையே தாண்டித்தான் போக வேண்டும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாஸ் விஷயம். இந்தத் திட்டத்தில் நீண்ட ரயில் பயணம் இரண்டே நாள்தான். பாரிஸிலிருந்து சுவிஸ் எல்லை ஊரான பாசெல் சுமார் மூன்று மணி நேரம், அங்கே மாறி லூசெர்ன் ஒரு மணி நேரம். அப்புறம் லூசெர்னிலிருந்து மிலான் மூன்றரை மணி நேரம், மிலானிலிருந்து வெனிஸ் இரண்டரை மணி நேரம். இதற்கு 15 நாள் பாஸ் எதற்கு? அதோடு, பாஸ் இருந்தாலும் பிரான்ஸின் டிஜிவி என்ற அதிவேக ரயிலுக்கும் இத்தாலியின் வேக ரயில்களுக்கும் தனியாகக் காசு கட்டி சீட் பதிய வேண்டும். டிஜிவியில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு. அன்றன்றைக்கு மனம் போன ஊருக்குப் போகிற இளைஞர்களுக்கு யூரெயில் நல்ல பாஸ். குழந்தையோடு போகிறவர்கள் எந்த நாள் எந்த ரயில் என்று முன்பே முடிவு செய்தாக வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டி வாங்கும் தனி டிக்கெட்தான் பெரும்பாலும் லாபம்.

சுவிட்சர்லாந்துக்குள் மட்டும் ஸ்விஸ் டிராவல் பாஸை 6 நாளுக்கு எடுங்கள். பாசெலில் இறங்கும் நாளிலேயே அதைத் தொடங்கினால் லூசெர்ன் ரயிலும் அதில் அடங்கிவிடும். ஏழாம் நாள் மிலானுக்குத் தனி டிக்கெட்.

மகளுக்கு டிக்கெட் வேண்டுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. நம் ஊரில் ஐந்து வயதுக்குள் என்றால் தனி பெர்த் கேட்காதவரை டிக்கெட் இல்லை. அங்கே எல்லை தாண்டினால் வயதுக் கணக்கும் மாறும். சுவிட்சர்லாந்தில் ஆறு வயது வரை இலவசம். பிரான்ஸிலும் இத்தாலியிலும் நாலு வயது தாண்டியவர்களுக்குக் குழந்தைக் கட்டணம் உண்டு. யூரெயிலே எடுத்தாலும் 4 முதல் 11 வயது வரை குழந்தைப் பாஸ் இலவசம், ஆனால் பெரியவர் பாஸோடு சேர்த்து அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

லூசெர்னை நான் சொல்வதற்குக் காரணம் ரிகி மலை. படகில் ஏரிக்கரை ஊரான விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் மேலே ஏறலாம். 1871இல் தொடங்கிய இந்தப் பாதைதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். படகு, ரயில் இரண்டுமே ஸ்விஸ் பாஸில் அடக்கம். மகளை ஊட்டி ரயிலில் கூட்டிப்போயிருந்தால் தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல் வரிசையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பழைய நீராவி எஞ்சின்களே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவைதானே! ரிகி உச்சி 1,798 மீட்டர், ஏற்காட்டைவிடக் கொஞ்சம்தான் உயரம். 3,454 மீட்டரில் இருக்கும் யுங்ஃபிராவ்யோக்குக்குத்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். காற்று மெலிந்த அந்த உயரத்தில் பெரியவர்களுக்கே தலை கனக்கும். இந்த வயதுக்கு ரிகி போதும். மேலே புல்வெளி, மணி கட்டிய மாடுகள், திரும்பும் வழியில் படகு.

பாரிஸில் ரயில் ஏறும் அரை மணி நேரம்தான் கொஞ்சம் பதற்றமானது. உங்கள் ரயில் கிளம்புவது 'கார் த லியோன்' நிலையத்திலிருந்து. அது பாரிஸிலேயே இருக்கிறது. பேரைப் பார்த்து லியோன் நகரத்தில் ஹோட்டல் போட்டவர்களை எனக்குத் தெரியும். நடைமேடை எண்ணைப் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்கு முன்புதான் போர்டில் காட்டுவார்கள். காட்டியதும் மொத்தக் கூட்டமும் கிளம்பும். உங்கள் பெட்டி ரயிலின் கடைசியில் இருக்கலாம். கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவு மூடிவிடும். சேலம் ஜங்ஷனில் கூப்பிடுகிற மாதிரி சிவப்புச் சட்டை போர்ட்டர் யாரும் கிடையாது. அதனால் ஆளுக்கு ஒரே பெட்டி, அதுவும் ஒரு கையால் படியேற்றக் கூடியது. இன்னொரு கை பாப்பாவுக்கு.

லூசெர்ன் போய்விட்டால் பாடு குறைவு. சுவிஸ் நடைமேடைகளில் ஏ, பி, சி, டி என்று பகுதி பிரித்திருப்பார்கள், எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று போர்டிலேயே தெரியும். நீண்ட தூர மாடி ரயில்கள் பலவற்றில் குடும்பப் பெட்டி ஒன்று உண்டு. அதன் மேல்தளத்தில் சின்னச் சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள். ஏறிவிட்டால் இறங்க மாட்டாள், பார்த்துக்கொள்ளுங்கள். மிலான் போகும் வழியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் சுரங்கம் வரும். இருபது நிமிடம் போல வெளியே இருட்டு. முன்னாடியே சொல்லி வையுங்கள்.

தூக்கம் இன்னொரு சமாசாரம். மே மாதத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். இங்கே காலை ஆறரைக்கு எழும் குழந்தை, அங்கே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பசிக்கிறது என்பாள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருப்பதால் தூங்கவும் மாட்டாள். முதல் மூன்று நாள் எந்த ரயிலும் வேண்டாம்.

விசாவுக்கு, அதிக இரவு தங்கும் நாடான சுவிட்சர்லாந்திடம் விண்ணப்பியுங்கள். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றிலேயே மூன்று நாடும் அடங்கும். ஆறு வயதுக்குள் விசாக் கட்டணம் இல்லை, சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு மூவருக்கும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடை விடுமுறைக் கூட்டத்தில் கடைசி மாதம் வரை இழுக்காதீர்கள். அதற்கு முன் மகளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தது என்றால் முடியும் தறுவாயில் இருக்கும். ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுங்கள். ரைஸ் குக்கரைத் தூக்கிப் போகாதீர்கள், நம் தடித்த மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, ஹோட்டல் அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள். அரிசி, பால், தயிர் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனில் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால் பொருட்களைக் கையில் எடுத்து வர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, முள்நாறி (டுரியன்) பழம் ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே மே மாதம் என்பதற்காக அங்கிருக்கும் சொந்தக்காரர்களுக்கு குண்டு மாம்பழக் கூடையைக் கட்டிவிடாதீர்கள். வழியில் பாப்பாவுக்கு நாலு வாழைப்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.