கலரை எடுத்தால் மட்டும் பழைய படமாகாது

தம்பி, ஹட்டன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எடுத்த பேய்ப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியும் 1940களின் ஹாலிவுட் ஸ்டூடியோப் படம் மாதிரி வரவில்லை, எல்லாம் சாம்பலாகத் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு வெளிச்சத்தில்தான். டியூப் லைட்டை அணையுங்கள். ஒரே ஒரு பல்பை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்து, ஜன்னல் கம்பியின் நிழல் காம்பராச் (உள்ளறைச்) சுவரில் கூர்மையாக விழச் செய்யுங்கள். பாதி முகம் இருட்டிலேயே கிடக்கட்டும். பனிமூட்டத்துக்கு விளக்கு பின்னாலிருந்து வரவேண்டும், முன்னாலிருந்து அடித்தால் வெறும் வெள்ளைதான். (ஸ்டூடியோக்காரர்கள் புகை போட்டுச் செய்ததை நமக்கு மலையே தருகிறது!) சட்டகம் அந்தக் காலத்து 1.37:1 (அகலம், உயரத்தைப்போல 1.37 மடங்கு), கமரா ஸ்டாண்டில்.

பேயை முழுசாகக் காட்டும் ஷாட்டைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற ஹாலிவுட் திகில் படத்தின் நீச்சல்குளக் காட்சியில் பயமுறுத்துவது சுவரில் அசையும் நிழலும் உறுமலும்தான். உங்கள் பேய் கூரைத் தகரத்தில் நடக்கும் சத்தமாக வரட்டும். அதை மழையில்லாத நேரத்தில் தனியாகப் பதிவு செய்யுங்கள்.