திரை உறைந்தால் இயந்திரம் என்ன செய்யும்?

அன்பின் ஐயா,

ஹட்டனில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலைகளுக்கான உதிரிப்பாகங்களைச் செய்து கொடுக்கிறோம். பழைய கணினியின் பெரலல் போர்ட் (முன்பு பிரிண்டரை இணைத்த அகன்ற இணைப்பு) வழியாக இயங்கும், சுழலும் கட்டரால் வெட்டும் எமது மில்லிங் இயந்திரம், கணினியில் வைரஸ் சோதனை தொடங்கினாலே இடறுகிறது. அதன்பின் வெட்டப்படும் காடிகள் இடம் மாறிவிடுகின்றன. மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டையும் நாம் பார்க்கும் திரையையும் பிரித்தால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? அதற்கு இரண்டு கணினிகள் வேண்டுமா?

வாசகர், ஹட்டன்

அன்பின் நண்பருக்கு,

உண்மைதான், ஆனால் இரண்டு கணினிகள் கட்டாயமில்லை. உங்கள் மோட்டார் ஒவ்வொரு மின் துடிப்புக்கும் சிறிதளவு திரும்பும் ஸ்டெப்பர் வகை, சுற்றுக்கு 200 படிகள் கொண்டது, அதை இயக்கும் டிரைவர் பலகை ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரிக்கிறது, திருகு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்த்துகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 1200 மில்லிமீற்றர் வேகத்தில் செக்கனுக்கு 6400 துடிப்புகள் தேவை. திரையில் ஒரு சாளரம் 10 மில்லிசெக்கன் பிந்தித் திறந்தால் யாருக்கும் தெரியாது. துடிப்புகள் அவ்வளவு நேரம் தடைப்பட்டால், முழு வேகத்தில் மீண்டும் இழுக்கப்படும் மோட்டார் படிகளைத் தவறவிடக்கூடும். சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு நிலையைத் திருப்பிச் சொல்லும் உணரி இல்லாததால், மென்பொருள் தன் கணக்கு சரியென்றே நம்பிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரச அளவீட்டு, தர நிறுவனத்தில் 1990களில் பிறந்த மென்பொருளின் வழிவந்த லினக்ஸ்சிஎன்சி என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள், ஒரே கணினிக்குள்ளேயே இந்தப் பிரிப்பைச் செய்கிறது. துடிப்புகளை, மற்ற வேலைகளுக்குக் காத்திராமல் குறித்த நேரத்தில் இயங்கும் நிகழ்நேரப் பகுதி அனுப்பும். திரை கட்டளை கொடுத்து நிலையை வாசிக்கும், அவ்வளவே. ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் மற்றொரு வழி: துடிப்புகளை அது ஓடும் ஆர்டுயினோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகை பார்த்துக்கொள்ள, மடிக்கணினி எங்கே நகர வேண்டும் என்று சொல்லும் ஜி-கோட் கட்டளை வரிகளை மட்டும் அனுப்பும்.

இரண்டிலும் திரை உறைந்தால் நடப்பது வேறு. லினக்ஸ்சிஎன்சியில் கோப்பை வாசிப்பதும் திரைக்கு வெளியே நடப்பதால் வெட்டு தொடரும். ஜிஆர்பிஎல்லில், பலகையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சில வரிகள் முடிந்ததும் நகர்வு நிற்கும். கட்டர் மட்டும் அதே இடத்தில் சுழன்று காடியைக் கெடுக்கும். உடனடி நிறுத்தக் கட்டளை இருக்கிறதே என்பீர்கள். அதை அனுப்ப வேண்டியதும் உறைந்துபோன அதே திரைதான். ஆகவே அவசர நிறுத்தத்தை எந்த மென்பொருளிடமும் ஒப்படைக்காமல், மோட்டார்களின் மின்சாரத்தையே துண்டிக்கும் சுவிட்சாக வயரிங்கில் வையுங்கள்.

மலைநாட்டு மழைக்காலத்துக்கு இன்னொன்று. மின்சாரம் போனாலும் ஆர்டுயினோ மடிக்கணினியின் யூஎஸ்பியில் உயிரோடிருந்து, நகராத மோட்டாருக்குத் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும். மின்சாரம் திரும்பியதும் திரையின் எண்களை நம்பாமல் ஹோமிங் செய்யுங்கள், அதாவது அச்சுகளைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் நிலையைப் புதிதாகக் கணக்கிடச் செய்யுங்கள்.

உங்களிடம் பெரலல் போர்ட் இருப்பதால் முதலில் லினக்ஸ்சிஎன்சியையே பரிந்துரைப்பேன். கணினி எவ்வளவு பிந்துகிறது என்று அளக்கும் அதிலுள்ள லேட்டன்சி சோதனையை ஓடவிட்டு, சாளரங்களைத் திறந்து மூடி, பெரிய கோப்புகளைப் பிரதியெடுத்துக் கணினியை வேண்டுமென்றே தொந்தரவு செய்யுங்கள். சில பழைய கணினிகள் இதில் தேறாது. தேறாவிட்டால் ஆர்டுயினோவுக்கு மாறலாம். அச்சு திசை திரும்பும் இடங்களில் மட்டும் அளவு பிசகினால் அது திருகின் தளர்வு. அதை இயந்திரம் பொருத்தும் பிட்டர்தான் பார்க்க வேண்டும்.