நிரப்பி முடித்த புதிருக்குள் ஒளிந்திருக்கும் கருப்பொருள்

கேள்வி: நாளிதழில் வரும் ஆங்கில கிரிப்டிக் குறுக்கெழுத்துப் புதிரை (ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளும், அவ்விடையைத் துண்டுதுண்டாகக் கட்டும் சொல்விளையாட்டும் கலந்திருக்கும் வகை) பெரும்பாலும் முழுமையாக நிரப்பிவிடுகிறேன். ஆனால் அதற்குள் ஒரு கருப்பொருள் ஒளிந்திருந்தது என்பதை மறுநாள் பிறர் சொல்லித்தான் அறிகிறேன். அதை நானே கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இரண்டு வகைகளை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கருப்பொருளை வெளிப்படையாக அறிவிக்கும் புதிர்கள் ஒரு வகை. 2013 ஜனவரியில் கார்டியன் நாளிதழில் ‘அரௌகேரியா’ என்ற புனைபெயரில் ஜான் கிரஹாம் அமைத்த புதிர் இதற்குப் புகழ்பெற்ற சான்று. தமக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பதையும், வலிதணிப்புச் சிகிச்சை பெறுவதையும் முன்னுரையில் குறிப்பு எண்களாக மட்டும் எழுதி, அவ்வெண்களுக்குரிய விடைகளைக் கண்டவர்களுக்கே செய்தி புரியும்படி அவர் அமைத்திருந்தார். அங்கே கருப்பொருளைத் தவறவிட வழியில்லை. நீங்கள் கேட்பது அறிவிப்பே இல்லாத வகை. அதைக் கவனிக்காமலேயே புதிரை முடித்துவிடலாம் என்பதால், அது கண்ணில் படாதது உங்கள் குறையன்று.

குறிப்புகளுக்குள் தேடுவதால்தான் பலருக்கும் அது அகப்படுவதில்லை. கைதேர்ந்த புதிராசிரியர், விடைக்குக் கருப்பொருள் சார்ந்த பொருளைக் குறிப்பில் தராமல், அச்சொல்லின் வேறொரு பொருளையே தருவார். தமிழிலேயே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன்; அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. ‘உருக்கிய வெண்ணெய் தணலின் ஓரங்களில் வழிந்தால் தறிக்காரர் வேலை (4)’. உருக்கிய வெண்ணெய் ‘நெய்’, தணல் என்பதன் முதலும் கடையும் ‘த’, ‘ல்’, விடை நெய்தல். அடுத்தது, ‘கறந்ததைக் கவிதையோடு மாலை இறுதியில் காண்க (2)’. கவிதை ‘பா’; மாலையின் இறுதி ‘லை’; விடை பாலை. ஒன்றில் தறி, மற்றொன்றில் கறவை. நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பூச்சரத்தைக் காட்டி முல்லையும் வந்துவிட்டால், மூன்று விடைகளையும் குறிப்புகளை மறந்துவிட்டு அடுத்தடுத்துப் படிப்பவருக்கு மட்டுமே ஐந்திணை தென்படும்.

ஆகவே, பாதியளவு நிரம்பியதும் நிறுத்தி, குறிப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டு விடைகளை மட்டும் படியுங்கள். எளிய சொல் பொருந்தும் இடத்தில் அரிய சொல் நின்றால், ஆசிரியருக்கு அதை வைக்க ஏதோ காரணம் இருந்திருக்கும் என்று ஐயப்படுங்கள். வெளியான நாள் யாருடைய நூற்றாண்டோ, எந்த நிகழ்வின் நினைவுநாளோ என்று பார்ப்பதும் பலமுறை கைகொடுக்கும். ஊகம் பிறந்ததும் அதைச் சோதிக்க வேண்டும்: ‘ம’ என்று தொடங்கி ‘ம்’ என்று முடியும் நான்கெழுத்து இடத்தில் மருதம் அமர்ந்து, அதன் குறிப்பும் சொல்விளையாட்டும் அதற்கு இசைந்தால் ஊகம் சரி. சொல்விளையாட்டு இசையாவிட்டால், கருப்பொருளுக்காக விடையை வளைக்காதீர்கள். அப்படி வளைத்து ஒரு மூலையையே கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

சில வேளைகளில் கருப்பொருள் விடைகளில் இராது, எழுத்துகளில் இருக்கும். இதை ‘நீனா’ என்பார்கள். ஓவியர் ஆல் ஹிர்ஷ்ஃபெல்ட், 1945-இல் பிறந்த தம் மகள் நீனாவின் பெயரைத் தம் கோட்டோவியங்களின் தலைமுடியிலும் ஆடை மடிப்பிலும் ஒளித்து வரைந்ததிலிருந்து வந்த பெயர் இது. ஓரத்து வரிசைகளை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படியுங்கள். குறிப்பாக, ஓரக் கட்டங்கள் எந்த விடையிலும் முழுச்சொல்லாக அமையாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக நின்றால் கட்டாயம் படியுங்கள். மூலைவிட்டங்கள் அதற்கடுத்த இடம். ஜே, கியூ, எக்ஸ், இசட் ஆகிய அரிய எழுத்துகள் சீக்கிரமே தலைகாட்டினால், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் பயன்படுத்தும் புதிராக அது இருக்கக்கூடும். அப்போது இன்னும் வராத எழுத்துகளை ஓரத்தில் எழுதிவைத்துக்கொண்டால், எஞ்சிய கடினமான விடைகளில் அவற்றைப் பொருத்திப் பார்க்கலாம்.