பட்டாளத்துக் கேள்விகளும் ஒரு பழைய ஹவில்தாரின் பதில்களும்

எனக்கு வேலூர் அருகே கண்ணமங்கலம் பக்கம் ஊர். 1982இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் ரெக்ரூட்டாகச் சேர்ந்து, 24 வருடம் கழித்து ஹவில்தாராக வீடு வந்தேன். சேரப் போகிற பிள்ளைகளும் சேர்ந்தவர்களின் வீட்டாரும் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, ட்ரெயினிங்கில் அடிப்பார்களா? முதல் மாதம் எப்படி இருக்கும்? (அணைக்கட்டிலிருந்து ஒரு தம்பி, 18 வயது)

தம்பி, அடியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எங்களுக்கு அடி விழவில்லை, ரகடா விழுந்தது. முதுகில் பிட்டுவை, அதாவது பட்டாளத்து மூட்டைப் பையை, மாட்டிக்கொண்டு ஓடுவது, தவளை மாதிரி தாவுவது, தரையில் உருளுவது எல்லாம் ரகடாதான். ஒருவன் பூட்ஸ் பளபளக்கவில்லை என்றால் மொத்த ஸ்குவாடும் ஓட வேண்டும். முதல் வாரம் அவன்மேல் எரிச்சலாக வந்தது. இரண்டாம் வாரம் ராத்திரி ஆளுக்கொரு பூட்ஸை வாங்கி நாங்களே தேய்த்துக் கொடுத்தோம். பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் எதிர்பார்த்ததும் அதுதான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

எனக்கு உடம்பைவிட மொழிதான் கஷ்டம் கொடுத்தது. நீலகிரி வெலிங்டனில், எங்கள் ரெஜிமெண்டின் பயிற்சி மையத்தில், எங்களோடு இருந்தவர்கள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசும் பையன்கள். கட்டளை மட்டும் இந்தியில். சாவதான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்) இரண்டும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டன. தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு) வரவில்லை. முப்பது பேர் வலது பக்கம் திரும்பினால் நான் இடது பக்கம் திரும்பி நிற்பேன். மூன்றாவது நாள் உஸ்தாத் கிட்டே வந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார், என் வலது உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இதுதான் தாஹினா" என்றார். ட்ரில்லில் கை எப்போதும் மூடியே இருக்கும், அதனால் கல் வெளியே தெரியாது. பத்து நாள் அந்தக் கல்லோடு மார்ச் செய்தேன். அப்புறம் அது தேவைப்படவில்லை.

குளிரைப் பற்றியும் தெரிந்துகொள். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்பு அது. ஆறாயிரம் அடி உயரத்து விடியற்காலைக் குளிரில், லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல் கூடத்தில், வாங்கிய டீ மக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

நம் வேலூர் மாவட்டத்திலிருந்து மட்டும் ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள்? (காட்பாடி கல்லூரி மாணவி)

பாலாற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயம் பாப்பா. இருக்கிற அரைக் காணி, ஒரு காணி மூன்று பிள்ளைகளுக்குப் பற்றாது. ஒரு வீட்டில் ஒருவன் போய் மாதாமாதம் பணம் அனுப்பினால், பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வருடம் வரிசையில் நிற்பான். எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்.

இது நேற்று ஆரம்பித்ததும் இல்லை. லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கும். காய்கறி வாங்கப் போகும்போது ஒரு தடவை நிமிர்ந்து படித்துவிட்டு வா.

1806இல் ஒரு தொப்பிக்காகவா அவ்வளவு பெரிய கலகம்? (வேலூர், பள்ளி ஆசிரியர்)

சார், நீங்கள் பாடம் நடத்துகிறவர், உங்களுக்குத் தெரியாதது இல்லை. தோல் வைத்த புதுத் தலைப்பாகை, தாடியை எடு, நெற்றிக் குறியை அழி, காதணியைக் கழற்று என்று சிப்பாய்களுக்கு ஆங்கிலேயக் கம்பெனியின் உத்தரவு வரிசையாக வந்தது. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து கிலெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். திப்புவின் பிள்ளைகள் கோட்டையில் சிறையிருந்ததும் ஒரு காரணம் என்பார்கள்.

சிப்பாயாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சேர்ந்த அன்று ஐந்து நிமிடத்தில் என் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் அது என் நாட்டின் படை, நானாகத் தேடிப் போனது. அந்தச் சிப்பாய்க்கு அந்த ஆறுதல் கிடையாது. தலையில் வைப்பதை யார் வைக்கச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

அக்னிவீர் (நான்கு வருடப் படைச் சேர்க்கை) ஓட்டத்துக்கு எப்படித் தயாராவது அண்ணா? (குடியாத்தம்)

1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளமும் தாண்ட வேண்டும். ஆனால் இப்போது கணினித் தேர்வு முதலில் வருகிறது, அதில் தேறினால்தான் மைதானம். நிறைய பிள்ளைகள் ஓட்டத்தையே நம்பிப் புத்தகத்தைத் தொடுவதில்லை. பாலாற்று மணலில் ஓடினால் கால் உரம் பெறும், சரி. ஆனால் தினமும் மணலில் வேண்டாம், முழங்கால் போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

பையன் போனில் பேசினால் குரல் கம்முகிறது. திரும்பி வரச் சொல்லலாமா? (பேரணாம்பட்டு, ஒரு அம்மா)

வேண்டாம் அம்மா. எங்கள் காலத்தில் போன் கிடையாது, கடிதம்தான். என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. போஸ்ட்மேனிடம் சொல்லி எழுதி வாங்கி, கவரில் கொஞ்சம் விபூதியை மடித்து வைத்து அனுப்புவார். அதைப் பிரித்தாலே வீட்டு வாசம் வரும். ராத்திரி போர்வைக்குள் அழுதிருக்கிறேன், பக்கத்துக் கட்டிலில் இருந்தவனும் அழுதான். எட்டு வாரம் தாண்டினால் குரல் மாறிவிடும். அவனிடம் "கஷ்டமா?" என்று கேட்காதீர்கள், "இன்றைக்கு என்ன சாப்பாடு?" என்று கேளுங்கள். அவனே மீதியைச் சொல்வான்.

பனிமலையில் நிஜமாகவே அவ்வளவு கஷ்டமா? (ராணிப்பேட்டை)

உயரத்துக்கு நேராக ஏற்ற மாட்டார்கள். முதல் கட்டம் ஆறு நாள், அடுத்தது நான்கு நாள், அதற்கும் மேலே இன்னொரு நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் அனுப்புவார்கள். மண்ணெண்ணெய் அடுப்புப் புகை சளியில் கறுப்பாக வரும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. வெறும் கையால் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

தாத்தா 1971 போரில் இருந்தவர். எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். எப்படிக் கேட்பது? (ஆரணி, ஒரு பேத்தி)

போரைப் பற்றிக் கேட்காதே கண்ணு. "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று ஒருத்தர் கேட்டால் அன்றைக்கு முழுக்க வாய் மூடிவிடும். எனக்கே அப்படித்தான். உஸ்தாத் பெயர் என்ன, பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருந்தார், லீவில் வரும்போது ரயிலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள். பழைய ட்ரங்குப் பெட்டி இருந்தால் அவரோடு உட்கார்ந்து திற. மெடலை நீயாக எடுக்காதே, அவர் எடுக்கட்டும்.

என் பெரியப்பாவும் 1965 போரில் இருந்தவர். பதினேழு பதினெட்டு வருடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ரெக்ரூட்டாக இருந்து முதல் லீவில் வந்தபோது, திண்ணையில் என் பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். "முனையில எச்சில் பாலிஷ் போதலடா" என்றார். அன்று ராத்திரி பத்து மணி வரை பேசினார். நான் எதையும் எழுதி வைக்கவில்லை, இன்றைக்கும் அது உறுத்துகிறது. நீ எழுதி வை. தேதி தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அவர் சொன்னபடியே எழுது.

கணவர் இறந்த பிறகு குடும்ப பென்ஷன் வரத் தாமதமாகிறது, என்ன செய்ய? (வாலாஜா)

என் நண்பர் வீட்டிலும் இதே கதைதான் அம்மா. மனைவியின் பெயரில் ஒரு எழுத்து, பிறந்த தேதியில் ஒரு வருடம் வித்தியாசம், அதற்காக ஒரு அலுவலகத்தில் எட்டு மாதம் அலையவிட்டார்கள். அந்த அம்மா மருந்து வாங்கவே கடன் பட்டார். நினைத்தாலே கொதிக்கிறது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் அவருடைய ரெஜிமெண்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்கள், உங்கள் பகுதிக்கான முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் மனு கொடுங்கள். இன்னும் பணியில் இருக்கிற தம்பிகள், கல்யாணமும் குழந்தை பிறப்பும் பார்ட் டூ ஆர்டரில் (சிப்பாயின் சொந்த, குடும்ப விவரங்களைப் பதியும் படை உத்தரவு) ஏறிவிட்டதா என்று இந்த லீவிலேயே சரிபாருங்கள்.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம்? அடுத்த மாதம் கிளம்புகிறேன். (போளூர்)

நல்ல பூட்டு, இரண்டு சாவி. ஒன்று கழுத்தில், ஒன்று நம்பிக்கையான கூட்டாளியிடம். ஊசி நூல், நகவெட்டி, அசல் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் ஐந்து நகல். பருப்புப் பொடி அம்மா கொடுத்தால் வாங்கிக்கொள். முதல் ராத்திரியே முப்பது பேர் கை நீட்டுவார்கள், கொடுத்துவிடு.